துருவுக்குள் ஒரு வீடு

மண் காத்த பொருள்கள் – 14

1936-ஆம் ஆண்டு. பால்டிக் கடலில் ஸ்வீடனுக்குச் சொந்தமான காட்லாண்ட் தீவு. அங்கே மாஸ்டர்மிர் என்ற இடம் ஒரு காலத்தில் நீர் தேங்கிக் கிடந்த சதுப்பு. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து அதை விளைநிலமாக்கியிருந்தார்கள். அந்த ஆண்டு ஓர் உழவர் அங்கே உழுதுகொண்டிருந்தபோது கலப்பை எதிலோ சிக்கி நின்றது. மண்ணை விலக்கிப் பார்த்தால், இரும்புச் சங்கிலி சுற்றிய ஓர் ஓக் மரப்பெட்டி.

ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பெட்டியிலும் அதைச் சுற்றியும் 200-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. சுத்தியல், பட்டறைக்கல், குறடு, அரம், ரம்பம், கோடரி, வாய்ச்சி, கொப்பரை, மணி என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், வைக்கிங் காலத்தில், வாழ்ந்த ஒரு கைவினைஞரின் முழுப் பட்டறையும் அங்கே கிடந்தது. அவர் கொல்லரா, தச்சரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு வேலைக்கும் உரிய கருவிகள் கலந்திருந்தன. நீரைக் கடக்கும்போது படகு கவிழ்ந்திருக்கலாம், உறைந்த பனி உடைந்து பெட்டி மூழ்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிலிருந்த கருவிகளைத்தான் பேசுவார்கள். அதே பெட்டிக்குள் பூட்டுகளும் சாவிகளும் இருந்தன. சென்ற அத்தியாயத்தில் கொல்லரின் உலையைப் பார்த்தோம். அந்த உலையிலிருந்து வெளிவந்த பொருள்களில் கைக்குள் அடங்கிவிடும் ஒன்றை இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

வாளும் கிரீடமும் ஒரு சிலருடைய கதையைச் சொல்லும். சாவி எல்லா வீட்டின் கதையையும் சொல்லும். ஒரு சாவி இருந்தது என்றால் ஒரு பூட்டு இருந்தது. பூட்டு இருந்தது என்றால் காக்க வேண்டிய பொருள் ஒன்று இருந்தது. அதைத் திறக்க உரிமை உள்ளவர் ஒருவர், உரிமை இல்லாதவர் பலர் இருந்தார்கள். மரக்கதவு மட்கிப் போகும், பெட்டி மட்கிப் போகும், உள்ளே இருந்த தானியமும் துணியும் போய்விடும். உருவிழந்த ஒரு துருக்கட்டி மட்டும் எஞ்சும். அந்தக் கட்டிக்குள் அந்த வீடு இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட மனிதர்களின் கதைதான் இது.

குடைக் கம்பியும் வைக்கிங் பூட்டும்

வைக்கிங் காலத்துச் சாவி ஒன்றை நம் கையில் கொடுத்தால், அது சாவி என்றே நமக்குத் தெரியாது. ஒரு நீண்ட தட்டையான பிடி; அதன் முனையில் செங்குத்தாக மடித்த ஒரு சிறு தகடு; தகட்டில் இரண்டு மூன்று ஓட்டைகள். எண்ணெய்க் கரண்டி போலவோ, தோசைக்கல்லைச் சுரண்டும் கருவி போலவோ தோன்றும். திருகுவதற்கு உரிய பல் எதுவும் அதில் இல்லை.

காரணம், அது திருகும் சாவியே அல்ல, தள்ளும் சாவி. அது திறந்த பூட்டு உருளை வடிவத் தொங்குபூட்டு. அதன் நுட்பத்தைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் குடையை எடுத்துக்கொண்டால் போதும். குடையை விரிக்கும்போது கம்பியில் துருத்தி நிற்கும் ஒரு சிறு வில் முதலில் உள்ளே அமுங்கி, பிறகு வெளியே விரிந்து, குடை சுருங்கிவிடாமல் தாங்கிக்கொள்கிறது. சுருக்க வேண்டுமென்றால் அந்த வில்லை விரலால் அமுக்குகிறோம்.

வைக்கிங் பூட்டும் அதே வேலையைத்தான் செய்தது. கொண்டியின் முனையில் மீன் செதில் போல விரிந்த எஃகு விற்கள் இருக்கும். கொண்டியை உருளைக்குள் தள்ளினால் விற்கள் அமுங்கி உள்ளே போய், அங்கே விரிந்துகொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. உருளையின் மறுமுனை வழியாகச் சாவியைச் செலுத்தினால், சாவித் தகட்டின் ஓட்டைகள் அந்த விற்களின் மேல் வழுக்கிச் சென்று அவற்றை அமுக்கும். கொண்டி விடுபடும்.

ஆகவே சாவித் தகட்டின் ஓட்டைகளை எண்ணினால் பூட்டுக்குள் எத்தனை வில் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஓட்டையின் வடிவத்தைப் பார்த்தால் வில் எப்படி அமைந்திருந்தது என்று சொல்லிவிடலாம். பூட்டே கிடைக்காவிட்டாலும் சாவியை வைத்துக் காகிதத்தில் பூட்டை வரைந்துவிட முடிகிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் என்ற தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் வைக்கிங் காலத்து இரும்புப் பொருள்கள் ஏராளமாக வெளிவந்தன. காற்றுப் புகாத ஈர மண் அவற்றைக் காத்து வைத்திருந்தது. அங்கே உருளைப் பூட்டுகளும் தள்ளு சாவிகளும், அவற்றோடு திருகும் சாவிகளும் கிடைத்தன. இருவகைச் சாவிகளும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே தெருவில் புழங்கியிருக்கின்றன. ஒன்று வந்ததும் மற்றொன்று போய்விடவில்லை என்பதை அந்தத் தெருவின் மண் காட்டியது.

களிமண் பொதி

இந்தப் பூட்டுகளைச் செய்வது எளிதான வேலை இல்லை. உடல் இரும்புத் தகடு, வில் எஃகு, மூடி வேறு துண்டு, கொண்டி வேறு துண்டு, அழகுக்கும் பலத்துக்கும் மேலே ஒட்டிய பட்டைகள் வேறு. இந்தச் சின்னத் துண்டுகளை எல்லாம் சுத்தியலால் அடித்து ஒன்றாக்க முனைந்தால் பூட்டே நசுங்கிவிடும்.

அதற்கு அந்தக் காலத்துக் கொல்லர்கள் கண்ட வழி பற்றாசு. துண்டுகளை அவற்றுக்குரிய இடத்தில் பொருத்தி, செம்புக் கலவைத் துண்டுகளை அதோடு வைத்து, முழுவதையும் களிமண்ணால் பொதிந்து உலையில் இடுவார்கள். இரும்பு உருகாத, ஆனால் செம்புக் கலவை உருகும் சூட்டில் அது இளகி இண்டு இடுக்கெல்லாம் ஓடிப் பரவும். பொதியை வெளியே எடுத்து, ஆறவிட்டு, களிமண்ணை உடைத்தால் உள்ளே பூட்டு தயார். உடலெங்கும் பொன்னிறப் பூச்சோடு, துருவுக்கும் ஓரளவு தடுப்போடு வெளிவரும்.

உடைத்து எறிந்த அந்தக் களிமண் ஓடுகள் ஸ்வீடனின் மாலரன் ஏரிப் பகுதியில் ஹெல்கோ, பிர்கா போன்ற இடங்களில் கிடைத்திருக்கின்றன. உள்பக்கத்தில் பூட்டின் தடம் அச்சாகப் பதிந்திருக்கிறது. விற்றுப்போன பூட்டு எங்கே போயிற்றோ, அது செய்யப்பட்ட இடம் இந்த ஓட்டால் தெரிந்துவிட்டது.

ஹெல்கோ என்ற பெயரை நம் வாசகர்களில் சிலர் கேட்டிருக்கக்கூடும். இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியிலிருந்து போன ஒரு சிறு வெண்கலப் புத்தர் சிலை 1956-இல் கிடைத்தது அந்தத் தீவில்தான். புத்தர் சிலை உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதே மண்ணில் கிடைத்த பூட்டுகளும் சாவிகளும் களிமண் ஓடுகளும் ஆய்வேடுகளில் அமைதியாக இருக்கின்றன. சிலை, அந்தத் தீவு யாரோடு தொடர்பு வைத்திருந்தது என்று சொல்கிறது. ஓடுகள், அந்தத் தீவின் மக்கள் காலையில் எழுந்து என்ன வேலை செய்தார்கள் என்று சொல்கின்றன. எனக்கு இரண்டாவது செய்தி முதலாவதைவிடக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

தெருவே நாட்காட்டி

அங்கிருந்து கிழக்கே ரஷ்யாவின் நோவ்கரோத் நகருக்குப் போவோம். வோல்கவ் ஆற்றங்கரையில் உள்ள இந்த நகரின் மண்ணில் எப்போதும் ஈரம். ஊரார் தெருவுக்கு மரத்துண்டுகளால் தளம் போட்டார்கள். சேறும் குப்பையும் ஏறி ஏறித் தெரு மூழ்கியதும், பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டார்கள். 1951-இல் தொடங்கிய நெரேவ்ஸ்கி அகழாய்வில், ஒரே தெருவில் இப்படி 28 தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை அர்த்தெமி அர்த்சிகோவ்ஸ்கியின் குழு கண்டது.

மரத்தின் குறுக்கு வெட்டில் தெரியும் ஆண்டு வளையங்களை வைத்து ஒவ்வொரு தளமும் போடப்பட்ட ஆண்டைக் கணித்தார் போரிஸ் கோல்ச்சின். கீழ்த்தளம் 953, மேல்தளம் 1462. ஐந்து நூற்றாண்டுகளின் நாட்காட்டி ஒன்று மரத்தாலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எந்தப் பொருள் எந்த இரு தளங்களுக்கு நடுவே கிடந்ததோ, அது எந்த ஆண்டுகளுக்கு நடுவே மண்ணில் விழுந்தது என்று சொல்லிவிட முடிந்தது.

அந்தத் தெருவில் பூட்டுகளும் சாவிகளும் நிறையவே விழுந்திருந்தன. கோல்ச்சின் உருளைப் பூட்டுகளை வடிவம் பார்த்து வகை பிரித்து, ரஷ்ய எழுத்து வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். சாவித்துளை உருளையின் எந்தப் பக்கம் இருக்கிறது, உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பன தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருந்தன. எந்த வகை எப்போது தொடங்கியது, எப்போது மறைந்தது என்று அடுக்குகள் காட்டின.

அதன்பின் நிலைமை தலைகீழானது. அதுவரை நோவ்கரோத்தின் மரம் பூட்டுக்குக் காலம் சொல்லிற்று. இனிமேல், மரம் மட்கிப்போன வேறு ஊர்களில் பூட்டு அந்த ஊருக்குக் காலம் சொல்லத் தொடங்கியது. காசு கிடைக்காத, எழுத்து கிடைக்காத ஒரு சிற்றூரில் ஓர் உடைந்த பூட்டு கிடைத்தால் போதும். அந்த வீட்டில் மனிதர்கள் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார்கள் என்று அறிஞர்கள் சொல்லிவிடுவார்கள்.

நோவ்கரோத் என்றதும் உலகம் நினைப்பது 1951 ஜூலையில் முதன்முதலாகக் கிடைத்த மரப்பட்டைக் கடிதங்களை. அவை எழுதத் தெரிந்தவர்களின் குரல். எழுதத் தெரியாதவர் வீட்டுக் கதவிலும் பூட்டு தொங்கியது. அவருடைய குரலைக் கேட்க நமக்கு இந்த இரும்புதான் இருக்கிறது.

தேம்ஸ் சேறு

லண்டனில் மண்ணிலுள்ள பொருளுக்குக் காலம் சொல்லும் வேலையைச் செய்து கொடுத்தது தேம்ஸ் ஆறு. இடைக்கால லண்டன்வாசிகள் ஆற்றுக்குள் மரத்தடுப்புகளை நிறுத்தி, தடுப்புக்குப் பின்னால் ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்பி, புது நிலம் எடுத்துக்கொண்டே போனார்கள். சில பத்தாண்டுகள் கழித்து இன்னும் உள்ளே ஒரு தடுப்பு, மறுபடி குப்பை. ட்ரிக் லேன், பில்லிங்ஸ்கேட் போன்ற இடங்களில் 1970-களிலும் 1980-களிலும் தோண்டியபோது அந்தத் தடுப்புகள் வரிசை வரிசையாக எழுந்து நின்றன. அவற்றின் மரம் ஆண்டு சொன்னது. பின்னால் கிடந்த குப்பையில் செருப்பு, சீப்பு, கத்தி, பெல்ட் கொளுவி, அவற்றோடு சாவிகள். காற்றில்லாத சேறு இரும்பைக்கூட அரிக்காமல் விட்டு வைத்திருந்தது.

லண்டன் சாவிகளுக்கு முதலில் ஒழுங்கான வகைப்பாடு செய்தவர் ஜான் வார்ட்-பெர்கின்ஸ். லண்டன் அருங்காட்சியகத்தின் இடைக்காலப் பொருள்களுக்கு அவர் தயாரித்த பட்டியல் 1940-இல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரத்தின் மேல் இரண்டாம் உலகப்போரின் குண்டுமழை தொடங்கியது. வீடுகளும் கதவுகளும் எரிந்துகொண்டிருந்த ஊரில், அந்த ஊரின் பழைய சாவிகள் ஒரு புத்தகத்துக்குள் வரிசையாகப் படமாகி நின்றன. சாவி கிடைத்தால் ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பட்டியலின் வகை எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். ஆற்றங்கரை அகழாய்வுகளில் கிடைத்த வீட்டுப் பொருள்களை எல்லாம் ஜெஃப் ஈகன் தொகுத்து 1998-இல் வெளியிட்டபோது, வார்ட்-பெர்கின்ஸின் வகைகளுக்குத் திருத்தமான காலமும் சேர்ந்தது.

இந்தச் சாவிகள் பெரும்பாலும் திருகும் சாவிகள். நம் பாட்டி வீட்டு மரப்பெட்டிச் சாவிக்கு இவைதான் தூரத்து உறவு. ஒரு வளையம், ஒரு தண்டு, ஒரு பல். பூட்டுக்குள் சாவியின் பாதையில் தடுப்புத் தகடுகள் நிற்கும். சாவிப் பல்லில் அதற்கு நேராக வெட்டுகள் இருந்தால்தான் சாவி அந்தத் தகடுகளைத் தாண்டிச் சுழன்று தாழ்ப்பாளை நகர்த்தும். பல்லில் உள்ள ஒவ்வொரு வெட்டும் பூட்டுக்குள் இருந்த ஒரு தடுப்பின் எதிர்ப்படம்.

தண்டைப் பார்த்தால் இன்னொரு செய்தி தெரியும். தண்டு உள்ளே குழலாக இருந்தால், பூட்டுக்குள் ஓர் ஊசி இருந்து அதன்மேல் சாவி அமர்ந்து சுழன்றிருக்கிறது. அப்படிப்பட்ட பூட்டை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே திறக்க முடியும். பெட்டிக்கும் அலமாரிக்கும் அது போதும். தண்டு திண்மையாக இருந்து, பல்லின் வெட்டுகள் இருபுறமும் சமச்சீராக இருந்தால், அதே சாவியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் போடலாம். அது கதவுச் சாவி. இரவில் உள்ளே தாழிட்டுப் படுத்து, காலையில் வெளியே பூட்டிவிட்டுப் போன ஒரு குடும்பத்தின் நாள் முழுவதும் அந்தச் சமச்சீர் வெட்டுக்குள் இருக்கிறது.

இடுப்பில் தொங்கிய சாவி

சாவி யார் கையில் இருந்தது? இந்தக் கேள்விக்குச் சட்டங்களும் கல்லறைகளும் பதில் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது.

1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னரின் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. கணவன் திருட்டுப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி குற்றவாளியா? அவள் சாவியால் பூட்டிய இடத்தில் அந்தப் பொருள் இருந்தால் ஒழிய, அவள் குற்றமற்றவள் என்கிறது சட்டம். அவள் சாவிக்குப் பொறுப்பான இடங்கள் மூன்று: சரக்கறை, பெரிய பெட்டி, சிறு பேழை. வீட்டின் மற்ற இடங்களில் கணவன் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அவளால் தடுக்க முடியாது. அதனால் பொறுப்பும் அவளுக்கு இல்லை. முன்பெல்லாம் தொட்டில் குழந்தையைக்கூடக் குற்றத்தில் பங்காளியாகக் கருதினார்கள் என்று அதே சட்டம் வருத்தத்தோடு சொல்லி, அந்த வழக்கத்தைத் தடுக்கிறது. சாவி இங்கே உரிமையும் பொறுப்பும் ஒருசேரக் கோத்த வளையம்.

ஸ்வீடனின் உப்லாந்து மாகாணச் சட்டம் 1296-இல் எழுதப்பட்டது. பெண்ணை மணம் செய்து கொடுக்கும்போது அவளுக்கு உரியவை எவை என்று அது சொல்லும் வரிசையில் பூட்டும் சாவியும் இடம்பெறுகின்றன. நம் ஊரில் மருமகள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்த மாமியார்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமம் இராது.

இங்கிலாந்தில் 5, 6-ஆம் நூற்றாண்டுப் பெண்களின் கல்லறைகளில், இடுப்பில் தொங்கவிட்ட சாவி வடிவ வெண்கலத் தொங்கல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றால் எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. திறக்கும் உரிமையைக் காட்டும் அணிகலனாக அவற்றை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவில் வைக்கிங் காலத்துப் பெண்களின் கல்லறைகளிலும் சாவிகள் கிடைத்தன.

இதையெல்லாம் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டு முதல் ஒரு சித்திரம் எழுந்தது. வைக்கிங் ஆண் வாளோடு கடலுக்குப் போனான். வைக்கிங் பெண் சாவிக்கொத்தோடு வீட்டை ஆண்டாள். பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தச் சித்திரமே நின்றது. பிறகு, நார்வே, டென்மார்க் கல்லறைகளைச் சிலர் மீண்டும் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்கள். சாவியோடு புதைக்கப்பட்ட பெண்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். ஆண்களின் கல்லறைகளிலும் சாவிகள் இருந்தன. மேல்நாட்டு நடுத்தர வர்க்கம் தன் குடும்பத்தலைவியைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை ஆயிரம் ஆண்டு முந்தைய கல்லறைக்குள் நாம் வைத்துப் பார்த்துவிட்டோமோ என்ற கேள்வி எழுந்தது.

சட்டம் சொன்னது பொய்யாகிவிடவில்லை. வீட்டுச் சாவி மனைவியிடம் இருந்தது உண்மை. அதனால் கல்லறையில் கிடைக்கும் ஒவ்வொரு சாவியும் அதையேதான் சொல்கிறது என்று முடிவு கட்டியதுதான் பிழை. பெட்டியில் பொருள் வைத்திருந்த வணிகரிடமும் சாவி இருந்தது. பட்டறை வைத்திருந்தவரிடமும் இருந்தது. கிடைத்த பொருளை எண்ணிய பிறகே கதை சொல்ல வேண்டும் என்ற பாடத்தை இந்தச் சாவிகள் வரலாற்றாசிரியர்களுக்குக் கொடுத்தன.

மூன்று பேர், மூன்று சாவி

வீட்டில் ஒருவரிடம் சாவி இருந்தால் போதும். பொதுப்பணத்துக்கு அது போதாது. 1199-இல் போப் மூன்றாம் இன்னசென்ட், சிலுவைப்போருக்கு மக்கள் இடும் காணிக்கையைச் சேர்க்க ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு பெட்டி வைக்கச் சொன்னார். அதற்கு மூன்று சாவிகள்: ஒன்று ஆயரிடம், ஒன்று பங்குக் குருவிடம், ஒன்று ஊரிலுள்ள பக்தியுள்ள ஒரு குடிமகனிடம். மூவரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். அடிமரத்தைக் குடைந்து, இரும்புப் பட்டை போட்டு, பல பூட்டுகள் பொருத்திய பழைய பெட்டிகளை இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் இன்றும் பார்க்கலாம். யாரையும் சந்தேகிக்காமல், யாரையும் தனியாகவும் விடாமல் பொதுச்சொத்தைக் காக்கக் கண்ட வழி அது.

அதே போப் 1215-இல் ரோமில் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், நற்கருணையையும் திருத்தைலத்தையும் எல்லாத் தேவாலயங்களிலும் பூட்டி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த லத்தீன் ஆணையில் சாவிக்கு வரும் சொல் 'கிளாவிஸ்'. அந்தச் சொல்தான் போர்த்துகீசிய மொழியில் உருமாறி, கப்பலேறி நம் கரைக்கு வந்து 'சாவி' ஆனது. ஈழத்தமிழர் இன்றும் 'திறப்பு' என்கிறார்கள். 'திறவுகோல்' எழுத்தில் வாழ்கிறது. நாம் அன்றாடம் கையில் சுழற்றும் சொல்லோ, இந்த அத்தியாயம் பேசும் அதே இடைக்கால லத்தீனின் பேரப்பிள்ளை.

கள்ளச்சாவிக்குத் தடை

தடுப்புத் தகட்டுப் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. தடுப்பை எல்லாம் தவிர்த்துவிட்டு நுனியில் மட்டும் பல் வைத்த மெல்லிய சாவி ஒன்று செய்தால் பல பூட்டுகள் திறந்துவிடும். அசல் சாவியை மெழுகில் அமுக்கி அச்செடுத்தால் அதே சாவியை இன்னொன்று செய்துவிடலாம்.

நகரங்கள் இதை அறிந்திருந்தன. பாரிஸில் எத்தியன் புவாலோ 1268-ஐ ஒட்டித் தொகுத்த தொழில் விதிகளின் நூலில், பூட்டு தன் பட்டறையில் தன் கண்முன் இல்லாமல் எந்தப் பூட்டுத் தொழிலாளியும் அதற்குச் சாவி செய்யக்கூடாது என்று இருக்கிறது. லண்டன் கொல்லர்களின் 1394-ஆம் ஆண்டு விதியும் அதையே சொல்கிறது: அச்சை மட்டும் வைத்துச் சாவி செய்யக்கூடாது, சாவியோ பூட்டோ நேரில் இருக்க வேண்டும். அச்சால் விளைந்த தீமைகளே இதற்குக் காரணம் என்றும் விதி சொல்கிறது. கள்ளச்சாவி வழக்குகள் லண்டனில் நடந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சாவி செய்பவரின் நேர்மையில்தான் நகரத்தின் தூக்கம் இருந்தது. ஊர் அதைப் புரிந்துகொண்டு எழுதியும் வைத்தது.

குடியானவர் கதவு

பூட்டு பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமம் உண்டு. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை, நாற்பது ஆண்டுகள், கோடைதோறும் அங்கே தோண்டினார்கள். வெளியே வந்தவை உழவர்களின் வீடுகள். அந்த வீடுகளின் மண்ணிலும் பூட்டுகளும் சாவிகளும் இருந்தன.

ஏழை உழவர் குடிசையில் ஒன்றும் இருந்திருக்காது என்று நெடுங்காலம் எழுதி வந்த வரலாற்றுக்கு அந்தச் சாவிகள் பதில் சொல்லின. பூட்டிவைக்கத் தகுந்த பொருள் அவர்களிடம் இருந்தது. தன் வாசலுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அவர்களும் நாடினார்கள். நிலப்பிரபுவின் கணக்கேட்டில் வரித்தொகையாக மட்டும் வாழ்ந்த ஒரு மனிதர், தன் சாவியின் மூலம் ஒரு வீட்டுக்காரராக நம் முன் நிற்கிறார்.

துருவைச் சுரண்டாதீர்கள்

மண்ணிலிருந்து வரும்போது சாவி சாவியாக இருப்பதில்லை. மண்ணும் துருவும் சேர்ந்து கிழங்கு போல உருண்டிருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சுரண்டினால், பல்லின் வெட்டுகளும் மேலிருந்த பூச்சும் துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். துருவுக்குள் மறைந்த பல்லின் வடிவம், குழல் தண்டு, செம்புப் பற்றாசின் கோடு, வெள்ளீயப் பூச்சின் மெல்லிய ஒளி எல்லாம் படத்தில் தெரிந்துவிடும். இயன் குட்டால் என்ற அறிஞர் இங்கிலாந்து முழுவதும் இப்படிக் கிடைத்த இடைக்கால இரும்புப் பொருள்களைத் தொகுத்தார். அவர் மறைந்த பிறகு, 2011-இல், அந்த உழைப்பு பெருநூலாக வெளிவந்தது. பூட்டுக்கும் சாவிக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல், பொதுமக்கள் வயலிலும் ஆற்றங்கரையிலும் கண்டெடுக்கும் பொருள்களைத் தாமாகவே பதிவு செய்யும் திட்டம் நடக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் சாவிகளும் நிறைய. ஆனால் உலோகம் தேடும் கருவியோடு நடப்பவர்கள் பலர் இரும்பின் ஒலியை ஒதுக்கும்படி கருவியை அமைத்துக்கொள்கிறார்கள். ஆகவே செம்புக் கலவைச் சாவிகள் பதிவேற, இரும்புச் சாவிகள் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. பெட்டகத்தின் சிறிய அழகான சாவி பட்டியலில் ஏறிவிடுகிறது. வீட்டுக் கதவின் முரட்டுச் சாவி விட்டுப்போகிறது. இந்தப் பதிவுகளை மட்டும் வைத்து எண்ணினால் இடைக்காலம் பெட்டகங்களால் நிறைந்ததாகத் தோன்றிவிடும். எண்ணிக்கையைப் படிக்கும்போது, எண்ணப்படாததையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாவியின் மதிப்பில் பாதி அதன் உடலில் இருக்கிறது. மறுபாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. நோவ்கரோத் சாவியை அதன் இரு தளங்களுக்கு நடுவிலிருந்தும், லண்டன் சாவியை அதன் மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்தும், வாரம் பெர்சி சாவியை அதன் உழவர் வீட்டிலிருந்தும் பிரித்தெடுத்து ஒரு சந்தையில் வைத்துவிட்டால், எஞ்சுவது கொஞ்சம் பழைய இரும்பு. அதற்கு ஊர் கிடையாது, ஆண்டு கிடையாது, வீட்டுக்காரர் கிடையாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்கே வாழ்ந்தாலும், கிணறு வெட்டும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ மண்ணிலிருந்து உருத்தெரியாத ஓர் இரும்புத் துண்டு வந்தால், அதைச் சுரண்டாதீர்கள், எறிந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதித் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்தத் துருவுக்குள் ஒரு வீடு இருக்கலாம்.

(தொடரும்)